விளையாட்டும் கூலியும்

"விளையாட்டு வினையாயிற்று" என்பது நம்மவர் நாவில் பயின்றுவரும் ஒரு பழமொழி. வேடிக்கையாகத் தொடங்கிய செயல் துன்பத்தில் முடிந்தவிடத்து இதனைச் சொல்லுகின்றோம். ஆயினும் வினை என்னும் சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டன்றோ? அப்பொருள்கொண்டு நோக்கின் இப்பழமொழி இக்காலத்துக்கு மிகப் பொருந்துவதாகும். உலகின் பல பாகங்களிலும் விளையாட்டு இன்று தொழிலாய்விட்டது. தொழிலான பின்னர் அதற்குக் கூலி உண்டு. கூலி உள்ளவிடத்து வழக்கும் உண்டு. அவ்வழக்கினைக் குறித்து நம் கலாசாலை மாணவர்க்குச் சில கூற விரும்புகின்றோம்.

இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இரண்டு. மாலைதோறும் நம் மைதானத்தில் ஓடியாடும் இளைஞருட் சிலர், விளையாட்டினாலேயே பிழைக்கலாம் என்னும் எண்ணங் கொண்டிருத்தல் ஒன்று. நம் மாணவருட் பலர் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் பட்டாசும் தீப்பெட்டியும் செய்து வாழும் குடும்பங்களிலிருந்து வந்தவராயிருத்தல் மற்றொன்று. விளையாட்டு வீரன் வழக்கு வேறு, பட்டாசுத் தொழிலாளி வழக்கு வேறு எனப் பலரும் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரண்டிலும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே. வேலை நின்றவிடத்து நெடுநாள் காத்திருக்க வல்லவர் யார் என்பதே அக்கேள்வி.

முதற்கண் நமக்கு மிகவும் தொலைவான ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொலைவிலுள்ளதை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் எளிது. கானடா தேசத்தில் பனிக்கட்டித் தளத்தின்மேல் ஹாக்கி ஆடுகின்றனர். ஆடுவோர் எஃகு அலகு பொருத்திய சப்பாத்துக்களை அணிந்து வழுக்கிச் செல்வர். பந்துக்குப் பதிலாகக் கனத்த ரப்பர் வில்லை ஒன்றுண்டு. ஒரு பக்கத்துக்கு அறுவர். இருபது நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகமும் மோதலும் மிக்க இவ்வாட்டத்தில் பல்லிழந்தோரும் எலும்பு முறிந்தோரும் பலர். 1917-ஆம் ஆண்டு தோன்றிய தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பு, கானடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதனைப் பெருந்தொழிலாக நடத்தி வருகின்றது.

அவ்வாட்டத்திற் புகழ்பெற்ற கோல்காப்பாளர் கென் டிரைடன் என்பார். மான்ட்ரீல் நகரத்து அணியில் ஆடியவர். ஆட்டம் எதிர்ப்புறத்தில் நிகழுங்காலத்து, தம் மட்டையைத் தளத்தில் ஊன்றி, அதன் தலைமேற் கைகளை வைத்துச் சாய்ந்து நிற்பது அவர் வழக்கம். அத்தோற்றத்தை அந்நாட்டார் இன்றும் மறந்திலர். கோல்காப்பாளன் தொழில் பெரும்பாலும் காத்திருத்தலே. அவர் ஆடிக்கொண்டே சட்டமும் பயின்றார். 1973-ஆம் ஆண்டு, தம் திறமைக்குத் தக்க ஊதியம் இல்லையெனக் கண்டு, அணியின் உரிமையாளரோடு உடன்படாது விலகினார். அவ்வாண்டு முழுதும் டொரான்டோ நகரில் ஒரு வக்கீல் நிலையத்தில் சொற்பச் சம்பளத்துக்குத் தொழில் பயின்றார். அவரில்லாத அணி அவ்வாண்டுப் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் முதற் சுற்றிலேயே தோற்றது. மறு ஆண்டு அவர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார். 1976 முதல் 1979 வரை அவ்வணி தொடர்ந்து நான்கு முறை வெற்றிக் கோப்பையைப் பெற்றது. பின்னர் 1983-இல் தம் ஆட்ட வாழ்வைப் பற்றி 'தி கேம்' என்னும் நூலை எழுதினார். பாராளுமன்றத்திலும் அமைச்சிலும் பணிபுரிந்து, 2025-ஆம் ஆண்டு காலமானார்.

டிரைடன் வென்றமைக்குக் காரணம் அவர்தம் திறமை மட்டுமன்று. அவர் கையில் வேறொரு தொழில் இருந்தது. ஓராண்டு காத்திருக்க அவரால் இயன்றது. அவ்வாற்றலின்றித் திறமை மட்டுமே உடையார் கதி யாதாயிற்று என்பதற்கு அவ்வாட்டத்திலேயே முந்தியதொரு சான்று உண்டு.

டெட்ராய்ட் அணியைச் சேர்ந்த டெட் லின்ட்சே என்பவர், 1957-ஆம் ஆண்டு மற்றை அணியினருடன் கூடி ஆட்டக்காரர் சங்கமொன்றை ஏற்படுத்த முனைந்தார். அவர் கேட்டது பெரிதன்று. ஆட்டக்காரர் தம் சம்பளத்திலிருந்து ஓய்வூதிய நிதிக்குப் பணம் செலுத்தி வந்தனர். அந்நிதியின் கணக்கைக் காட்டுக என்றார். கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லை. அவ்வாண்டு தம் வாழ்விலேயே மிகச் சிறப்பாக ஆடியிருந்த அவரை, லீகில் மிகவும் தாழ்ந்திருந்த சிக்காகோ அணிக்கு அனுப்பிவிட்டனர். மற்றையோர் அஞ்சினர், சங்கம் கலைந்தது. சில சலுகைகள் மட்டும் 1958-இல் கிடைத்தன. தனித்து நின்றவன் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரனாயினும், அவனை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தூக்கியெறிதல் முதலாளிக்கு ஒரு கடிதத்தில் முடியும் காரியமாயிருந்தது.

பத்தாண்டு கழித்து, 1967-இல், ஆட்டக்காரர் சங்கம் நிலைபெற்றது. எனினும் சங்கம் என்ற பெயர் வந்தவுடன் துன்பமெல்லாம் நீங்கிற்று என நினைத்தல் பிழை. அச்சங்கத்தை முதலில் நடத்திய ஆலன் ஈகிள்சன் என்னும் வக்கீல், ஆட்டக்காரர் நலத்தைக் காப்பதாகக் கூறி அவர்கள் பொருளையே கவர்ந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டு, 1998-இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை அடைந்தார். முதலாளியின் கணக்கைப் பார்க்க விரும்புவோன் தன் சங்கத்தின் கணக்கையும் பார்த்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இனி அவ்வாட்டத்தின் பெரிய வழக்கைக் கூறுவோம். 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டுமென்று உரிமையாளர் கேட்டனர், சங்கம் மறுத்தது, உரிமையாளர் கதவடைத்தனர். மாதங்கள் கழிந்தன. 2005 பெப்ருவரியில் அவ்வாண்டுப் பந்தயம் முழுவதும் ரத்துச் செய்யப்பட்டது. ஸ்டான்லி கோப்பை என்னும் அவர்தம் பெரும் பரிசு அவ்வாண்டு யாருக்கும் வழங்கப்படவில்லை. முன்பு அங்ஙனம் நேர்ந்தது 1919-இல், கொள்ளை நோயாகப் பரவிய விஷக்காய்ச்சலினால். இம்முறை நோயின்றியே நேர்ந்தது. முடிவில் உச்சவரம்பு வந்தது. நடப்பிலிருந்த ஒப்பந்தங்களின் ஊதியமும் நூற்றுக்கு 24 வீதம் குறைக்கப்பட்டது. ஆட்டக்காரர் தோற்றனர் என்றே பலரும் கூறினர்.

"கோடிக்கணக்கிற் பொருள் பெறுவோர்க்கு வழக்கு எதற்கு?" என்று நம் மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயின், ஆட்டக்காரன் ஈட்டுங்காலம் சில ஆண்டுகளே. அவன் மூலதனம் அவன் தேகம். அது தேய்ந்தால் மறு மூலதனம் இல்லை. உரிமையாளனுக்கோ அணி போயினும் வேறு வியாபாரங்கள் உண்டு. ஆகையால் பெறும் தொகையைப் பார்த்து மட்டும் நீதியை அளத்தல் பொருந்தாது. யார் எதை இழக்கின்றார் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனம் பார்க்குங்கால் வேறோர் உண்மை புலப்படுகின்றது. அக்கதவடைப்பில் உரிமையாளர் ஒருபுறம், ஆட்டக்காரர் ஒருபுறம். ஆட்டக்காரருள் முந்நூறுக்கு மேற்பட்டோர் ஐரோப்பாவிற் சென்று ஆடிப் பொருளீட்டினர். ஆனால் அரங்க வாயிலில் டிக்கட்டு வாங்குபவன், இருக்கை காட்டுபவன், தின்பண்டம் விற்பவன், ஆட்டம் முடிந்தபின் அரங்கைக் கூட்டுபவன் ஆகிய இவர்கள் எங்கே சென்று ஆடுவர்? பேச்சு நடந்த மேஜையில் அவர்க்கு நாற்காலி இல்லை. செய்தித்தாளில் அவர் பெயரில்லை. எல்லா வழக்குகளிலும் இவ்வாறு ஒரு மூன்றாமவன் உளன். அவனுக்கே காத்திருக்கும் வலிமை மிகக் குறைவு. இம்மூன்றாமவனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

நிற்க. நம் நாட்டு ஹாக்கிக்கு வருவோம். தன்ராஜ் பிள்ளையை அறியாதார் யார்? தமிழ்ப் பெற்றோர்க்குப் புனாவை அடுத்த கட்கியில் 1968-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் மைதானத்தைப் பேணுந் தொழிலாளி. முறிந்த மட்டைகளைக் கயிறு சுற்றிச் செப்பனிட்டு ஆடப் பழகிய அவ்விளைஞர், நான்கு ஒலிம்பிக் பந்தயங்களிலும் நான்கு உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் இந்தியாவின் பொருட்டு ஆடினார். 1998-இல் பாங்காக் நகரத்து ஆசியப் பந்தயத்தில் அவர் தலைமையில் இந்தியா, 32 ஆண்டுகளுக்குப் பின், ஹாக்கியில் தங்கப் பதக்கம் வென்றது. அடுத்து அமைத்த அணியில் அவர் பெயரும் மூத்த ஆட்டக்காரர் சிலர் பெயரும் இல்லை. ஓய்வளித்தோம் என்று நிருவாகத்தார் கூறினர். ஆட்டக்காரர்க்குரிய படியையும் வசதியையும் குறித்து அவர் வாய்திறந்து பேசியதே காரணமென ஜனங்கள் ஐயுற்றனர். லின்ட்சேயின் கதையை அறிந்தார்க்கு இவ்வையம் புதிதாகத் தோன்றாது.

பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 2010 ஜனவரியில், அதே புனா நகரில், உலகக் கோப்பைக்காகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இந்திய அணியினர் மட்டையைத் தொட மறுத்தனர். தமக்கு வரவேண்டிய பாக்கித் தொகையைத் தந்தாலன்றி ஆடோம் என்றனர். சொந்த நாட்டில், தில்லியில், உலகக் கோப்பை தொடங்க இரண்டு மாதமும் இல்லை. "தேசத்துக்காக ஆடுவோர் பணங் கேட்கலாமோ?" என்று கடிந்தவரும் உண்டு. ஆட்டக்காரர் அனைவரும் ஒன்றாக நின்றமையால், சில நாட்களில் சகாரா கம்பெனியார் ஒரு கோடி ரூபாய் அளிக்க முன்வர, வழக்குத் தீர்ந்தது. அவ்வுலகக் கோப்பையில் நம்மவர் எட்டாம் இடமே பெற்றனர். ஆயினும் தேசபக்தி என்பது ஒருவன் கூலியைப் பிடித்தம் செய்துகொள்வதற்கு ஏற்பட்ட சொல்லன்று என்பதை அவ்விளைஞர் நிலைநாட்டினர். தன்ராஜ் தனித்துப் பேசினார். இவர்கள் கூடி நின்றனர். பயன் வேறுபட்டமை காண்க.

நமக்கு மிக அண்மையிலுள்ள கோவிற்பட்டியை நோக்குவோம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அவ்வூர் ஹாக்கிக்கும் பெயர்போனது. 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்ற இந்திய அணியில், கோவிற்பட்டி மாரீஸ்வரனும், அவ்வூரிற் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் ஆடினர். மிக எளிய குடும்பங்களின் மக்கள் இங்ஙனம் உயர்ந்தமை நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதே. ஆனால், அவ்வூர் மைதானங்களில் ஆடும் சிறுவர் எல்லாரும் இந்திய அணியை அடைய முடியுமா? ரயில்வே, வங்கி, போலீஸ் முதலிய இலாகாக்களில் விளையாட்டுக்கென ஒதுக்கிய உத்தியோகம் ஒன்று கிடைத்தாற் போதும் என்பதே பலரது ஆசை. அது கிடைப்பார் சிலர், கிடையாதார் பலர். முழங்கால் பழுதுபட்டால் அவ்வாசையும் போயிற்று. ஆகவே, டிரைடனைப்போல் கையில் மறு தொழில் ஒன்றிருத்தல் ஆடும் மாணவனுக்கு அலங்காரமன்று. அதுவே அவனுக்கு அரண். வகுப்பை விட்டு மைதானத்துக்கு ஓடும் நண்பர் இதனைச் சற்றே யோசிப்பாராக.

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர் என்பதும், மழை பொய்க்கும் இக்கரிசல் நிலத்தில் அத்தொழிலும் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அதன்பின் செழித்தன என்பதும் யாவரும் அறிந்தவை. இத்தொழிலால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உலை வைத்தன. இத்தொழிலாலேயே பல குடும்பங்கள் அழிந்தன என்பதும் மெய். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பெப்ருவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துக்களை இப்பக்கத்தார் எளிதில் மறவார்.

2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. காற்றை மாசுபடுத்தல் குறைந்த பட்டாசுகளையே செய்து விற்றல் வேண்டும், சரவெடி கூடாது, பேரிய உப்புக்கள் கூடா, தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரையே வெடித்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட் பல பட்டாசு வகைகளிற் சேர்வதாகலின், இவ்விதிகளின்படி தொழில் நடத்தல் இயலாது என்று கூறி, தீபாவளி கழிந்த நவம்பர் மாதத்தில் உரிமையாளர் ஆலைகளை மூடினர். ஏறத்தாழ நான்கு மாதம், 2019 மார்ச் வரை, கதவுகள் அடைந்தே கிடந்தன.

தில்லியிற் குழந்தைகள் நல்ல காற்றைச் சுவாசித்தல் வேண்டும் என்பது நியாயம். ஆண்டு முழுதும் முதல் போட்டுத் தொழில் நடத்துவோர்க்கு மாற்று வழியும் காலமும் வேண்டும் என்பதும் நியாயம். எந்த நியாயம் பெரிது என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வந்திலேம். அந்நான்கு மாதம் காத்திருந்தவர் யார் என்பதே நம் கேள்வி. நீதிமன்றம் காத்திருக்கும். அரசாங்கம் காத்திருக்கும். உரிமையாளருள் பெரியோர் காத்திருப்பர். சிறியோர் கடன்பட்டேனும் காத்திருப்பர். குழாய் சுருட்டியும், திரி செருகியும், சரம் பின்னியும், இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்னும் கணக்கிற் கூலி பெறும் பெண்ணோ சனிக்கிழமைக்கு மேல் காத்திருத்தல் எங்ஙனம்? முன்பணம் வாங்கியிருப்பின் அக்கடனும் காத்திராது. தொழிலாளர் பலர் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் திரண்டு, ஆலைகளைத் திறக்க வழி செய்க என்று முறையிட்டனர். மூடியவர் அவரல்லர், தீர்ப்பளித்தவரும் அவரல்லர், மாசுபட்ட காற்றை அவர் தில்லிக்கு அனுப்பினாருமல்லர். பனிக்கட்டி அரங்கைக் கூட்டும் அம்மூன்றாமவனே இங்கே பட்டாசுத் தொழிலாளியாக நின்றான் என்க. அங்கே வாயிற்காப்போன் சிலராயின், இங்கே ஊர் முழுதுமே மூன்றாமவனாயிற்று.

அற்றேல் இதற்குப் பரிகாரம் யாது? இப்பக்கத்திலேயே நடந்த பழைய வரலாறொன்று விடை தருகின்றது. 1908-ஆம் ஆண்டு பெப்ருவரி மாத இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். ஊராரும் ஆதரவு அளித்தனர். வெள்ளைக்காரர் நிருவாகம் சில நாட்களில் இணங்கிற்று, கூலியும் உயர்ந்தது. தொழிலாளர் கையில் மாதக்கணக்கிற் காத்திருக்கப் பொருள் இல்லை. அவ்வலிமையை ஊரார் அவர்க்குக் கடனாகக் கொடுத்தனர் என்றே சொல்லலாம். காத்திருக்கும் வலிமை செல்வர்க்கு மட்டும் பிறப்பிலே வாய்ப்பதன்று. சங்கம் அதனைச் சேர்த்து வைக்கலாம். வைப்புநிதி சேர்த்து வைக்கலாம். மறு தொழிற் கல்வி சேர்த்து வைக்கலாம். அண்டை அயலாரின் இரக்கமும் அறிவும் சேர்த்து வைக்கலாம்.

சட்டமும் ஓரளவு துணை செய்யும். வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் இலக்கணமும் எல்லையும் வகுத்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கின்றது. ஆயினும் சட்டம் இருதரத்தாரையே நன்கு அறியும். மூன்றாமவனை அறிய மனிதன் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் ஆட்டக்காரராவீர். சிலர் ஆலைகளிற் கணக்கராகவும் போர்மேன்களாகவும் இரசாயன நிபுணராகவும் அமர்வீர். சிலர் உரிமையாளராகவும் ஆவீர். அரசாங்க உத்தியோகஸ்தராவாரும் உண்டு. எவ்விடத்து அமர்ந்தாலும், வழக்கொன்று எழுந்தால், இவ்விரு பக்கத்தாருள் எவர் பேச்சு இனிது என்று கேளாதீர். இது நீடித்தால் முதலிற் பசிப்பவர் யார் என்று கேளுங்கள். அவருக்கு மேஜையருகே ஒரு நாற்காலி போடுங்கள். கணக்குப் புத்தகம் உங்கள் கையிலிருந்தால், அதனைத் திறந்து காட்ட அஞ்சாதீர். ஆடுவோராயின், உடனாடுவோர் ஒருவர்க்குத் தீங்கு நேர்ந்தவிடத்து அது தமக்கன்று என்று ஒதுங்காதீர். டெட்ராய்ட்டில் ஒதுங்கினோர் பத்தாண்டை இழந்தனர். புனாவிற் கூடி நின்றோர் பத்து நாளுக்குள் வென்றனர்.

மாலை மணி அடித்தவுடன் நம் மைதானத்தில் இருபக்கமும் பதினொருவராகப் பிரிந்து ஆடுகின்றோம். ஆட்டம் முடிந்தபின் இருபக்கத்தாரும் கைகுலுக்கிச் செல்லுகின்றோம். கோட்டுக்கு வெளியே நின்று, புதரில் விழுந்த பந்தை எடுத்து வீசிய சிறுவனை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. நாளை மாலை அவனையும் நோக்குவோமாக. விளையாட்டு வினையாகுங்கால் நல்வினையாதற்கு அதுவே முதற் பயிற்சி.